நெற்கதிர், மாம்பூ, வேப்பம்பூ: கிளைவிட்டுப் பூக்கும் கொத்துகளை எப்படிப் பிரித்தறிவது?

கோப்பாய்_ரீச்சர் · இரவு 8.15

வணக்கம் எல்லோருக்கும். உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன், இப்போது பூந்துணர் பாடம் நடக்கிறது. நடுவில் ஓர் அச்சு, அதிலிருந்து கிளைகள், கிளைகளில் காம்புள்ள பூக்கள், இதுதான் கிளைத்த பூந்துணர், பனிக்கிள் என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லுகிறது. ஆனால் வளவிலும் வயலிலும் முறித்து வந்ததை மேசையில் பரப்பினால் ஆளுக்கு ஒரு விடை. நெற்கதிர் முற்றிச் சாய்ந்து, கிளைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் அதைக் கிளையே இல்லாத ஒற்றைக் கதிர் என்கிறார்கள். மாம்பூவில் சண்டை இல்லை, கிளைகள் கண்ணுக்கு நன்றாகத் தெரிகின்றன. முருங்கைப்பூவில் பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம். ஒரு பிள்ளை கொன்றையையும் அதே கூட்டத்தில் சேர்த்துவிட்டது.

படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் கைக்கு எட்டும் செடிகளை வைத்து இதை எப்படிக் காட்டலாம் என்பதுதான் எனக்கு வேண்டியது. மரமும் புல்லும் ஒரே தலைப்பின் கீழ் வருவது சரிதானா என்றும் யாராவது சொல்லுங்கள். இப்போது தை மாதம், வயலில் கதிரும் நிற்கிறது, மாமரத்தில் பூவும் நிற்கிறது. இதைவிட்டால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அடுத்த வருடம்தான்.

அறிவியல்நகர்_மாணவி · இரவு 8.52

ரீச்சர், நான் கிளிநொச்சி விவசாய பீடத்தில் படிக்கிறேன். பிள்ளைகளிடம் முழுக் கொத்தையும் பார்க்கச் சொல்லாமல், நடு அச்சிலிருந்து ஒரேயொரு காம்பை மட்டும் கிள்ளி எடுத்து, அது நுனி வரைக்கும் எத்தனை தரம் பிரிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கொன்றையில் அப்படிக் கிள்ளினால் ஒரு காம்பு, நுனியில் ஒரு பூ, அவ்வளவுதான். எவ்வளவு நீளமாகத் தொங்கினாலும் அது கிளைக்காத ரசீம். முருங்கையில் கிள்ளினால் அந்தக் காம்பே இன்னும் பிரிந்து சில பூக்களைத் தாங்கும், ஆகவே அது கிளைத்த பூந்துணர். மாம்பூவில் கிளை, அதற்குள் கிளை, சிலவேளை அதற்குள்ளும் கிளை.

நெல்லுக்கும் இதே சோதனைதான், ஆனால் கதிரைத் தண்ணீரில் நனைத்துக் கறுத்தத் தாளில் வைத்து ஊசியால் விரிக்கவேண்டும். நடு அச்சு ஒன்று, அதன் கணுக்களிலிருந்து முதற்கிளைகள், சாதாரணமாக எட்டுப் பத்து இருக்கும், நல்ல கதிரில் அதற்கு மேலும். அந்த முதற்கிளைகளில் அடிப்பக்கமாக இரண்டாங்கிளைகள். கடைசிக் காம்பின் நுனியில் இருப்பதுதான் மரத்துக்கும் புல்லுக்கும் உள்ள வித்தியாசம். மாமரத்தில் அந்த இடத்தில் பூ இருக்கும். புல்லில் அந்த இடத்தில் சிறுகதிர் இருக்கும். ஆகவே புற்குடும்பத்தில் கிளைத்த பூந்துணர் என்றால் சிறுகதிர்களின் கிளைத்த தொகுதி என்று எடுத்தால் குழப்பம் வராது. நெல்லின் சிறுகதிரில் ஒரு பூதான் விருத்தியாகும், அதற்குள் மகரந்தம் தரும் ஆறு கேசரங்கள், மகரந்தத்தை ஏற்கும் இறகு மாதிரியான இரண்டு குறிகள். நாங்கள் உமி என்று கழிக்கிறோமே, அதுதான் அந்தப் பூவை மூடியிருந்த இரண்டு செதில்கள்.

மரமும் புல்லும் ஒரே தலைப்பில் வரலாம் ரீச்சர். கிளைக்கும் முறைக்குக் கொடுத்த பெயர் அது, உறவுமுறை அதில் இல்லை.

கைதடி_கமம் · இரவு 9.20

நான் கமக்காரன், பூந்துணர் எல்லாம் படிக்கவில்லை. ஆனால் இந்தப் பிள்ளை சொன்ன முதற்கிளை, இரண்டாங்கிளை என்ற கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கள் பக்கம் இந்தக் காலபோகத்தில் கதிர் பெரிதாகத்தான் வந்தது, ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் கதிரின் மேற்பாதி நல்ல மணி, கீழ்ப்பாதியில் சப்பி, மணியில்லாத வெறும் உமி. பலரிடம் கேட்டேன், ஆளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். ஏன் கீழே மட்டும் சப்பியாகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. நியாயப்படி பார்த்தால் தண்டுக்குக் கிட்ட இருப்பது அடிக்கிளைதானே, சாப்பாடு அதற்குத்தானே முதலில் போகவேண்டும்?

ஓய்வு_போதனாசிரியர் · இரவு 10.05

தம்பி, நல்ல கேள்வி. சாப்பாடு கிட்டத்தில் இருப்பவருக்கு முதலில் போவதில்லை, முதலில் பூத்தவருக்குத்தான் முதலில் போகும். கிணற்றடியில் இறைப்பு முறை பார்த்திருப்பீர்கள், தோட்டம் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தாலும் முறை கடைசியில் வந்தால் தண்ணீர் வற்றிய பிறகுதான் கிடைக்கும். நெற்கதிர் நுனியிலிருந்து அடி நோக்கிப் பூக்கிறது. உறையை விட்டு நுனி வெளியே வந்ததும் மேற்கிளைகளின் பூக்கள் விரியத் தொடங்கும், அடிக்கிளைகளின் முறை வருவதற்கு ஒரு கிழமை அல்லது அதற்குச் சற்று மேலும் செல்லும். ஒரு முதற்கிளைக்குள்ளும் ஒழுங்கு இருக்கிறது: நுனிச் சிறுகதிர் முதலில், பிறகு அடியில் உள்ளது, அப்படியே மேலே ஏறி, நுனிக்கு அடுத்து உள்ளது கடைசியில். இரண்டாங்கிளைகளில் உள்ளவை இன்னும் பின்னால். ஆகவே அடிக்கிளைகளின் இரண்டாங்கிளைகளில் இருக்கும் மணிகள்தான் எப்போதும் கடைசி. அந்த நேரம் மேலே உள்ளவை மாவை இழுக்கத் தொடங்கியிருக்கும், இலையும் பழுக்கத் தொடங்கினால் கடைசியாக வந்தவை வெறும் உமியாக நின்றுவிடும்.

இது எப்போது தீர்மானமாகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் கதிர் வெளியே வந்த பிறகுதான் கவலைப்படத் தொடங்குகிறார்கள். கதிர் வெளியே தெரிவதற்கு ஏறக்குறைய 30 நாள் முன்னமே தண்டுக்குள் கிளைகள் போடப்பட்டுவிடும். நடுத் தண்டு ஒன்றை எடுத்து சவர அலகால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள், மேற்கணுவுக்கு மேலே ஒரு மில்லிமீற்றர் அளவில் வெள்ளையாகப் பஞ்சு போன்ற ஒரு முனை இருக்கும், அதுதான் கதிர். மூன்றரை மாத நெல் என்றால், உதாரணமாக ஏ.ரி. 362, விதைத்து 40 நாள் தாண்டும்போது அது தொடங்கிவிடும். பீ.ஜி. 300 மூன்று மாத நெல், அதில் 30 நாள் அளவிலேயே. அந்த நேரம் தண்ணீரோ தழைச்சத்தோ குறைந்தால் இரண்டாங்கிளைகளின் எண்ணிக்கை குறையும், கிளை போட்ட பிறகு எவ்வளவு யூரியா கொட்டினாலும் புதிதாக ஒரு கிளையும் வராது. அதற்குப் பிறகு கதிர் உறைக்குள் பருத்து நிற்கும் குடலைப் பருவம். இதில் வெள்ளமோ வறட்சியோ வந்தால் மகரந்தம் கெடும், கிளை இருக்கும், பூ இருக்கும், மணி இருக்காது.

உங்கள் வயலில் கிளைகள் நிறையப் போட்டிருக்கின்றன, ஆனால் நிரப்ப முடியவில்லை. யூரியாவை முன்பக்கம் தாராளமாகப் போட்டு பொட்டாசைக் குறைத்திருக்கிறீர்களா, பூத்த பிறகு மழை நின்றுவிட்டதா, இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

கைதடி_கமம் · இரவு 10.31

இரண்டும்தான் ஐயா. எம்.ஓ.பி. என்ற பொட்டாசுப் பசளையின் விலை பார்த்து இந்தமுறை பாதிதான் போட்டோம். மார்கழிக் கடைசிக்குப் பிறகு மழையும் இல்லை, எங்களுடையது மானாவாரி.

ஆனால் ஒன்று கேட்கிறேன், சப்பி என்றால் எல்லாம் இந்தக் காரணம்தானா? மூட்டுப்பூச்சியும் இருந்தது, அடுத்த வயலில் எரிபந்த நோய் என்றும் சொன்னார்கள்.

ஓய்வு_போதனாசிரியர் · இரவு 10.58

இல்லை. அதற்குத்தான் கதிரைக் கிளை கிளையாகப் பார்க்கச் சொல்லுகிறேன், சப்பி எங்கே இருக்கிறது என்பதே பாதி விடை. முழுக் கதிரும் வெள்ளையாக நிமிர்ந்து நின்று, இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்தால் தண்டு துளைப்பான், அடியில் புழு கடித்த அடையாளம் இருக்கும். கதிரின் கழுத்து, அதாவது முதற்கிளைகள் தொடங்கும் இடத்துக்குக் கீழே உள்ள கணு, கபிலமாகவோ கறுப்பாகவோ மாறி அந்த இடத்தில் முறிந்து தொங்கினால் அது கழுத்து எரிபந்தம், அதற்கு மேலே உள்ள எல்லாக் கிளையும் பாதிக்கப்படும். சிலவேளை ஒரு முதற்கிளையின் அடி மட்டும் கறுத்து அந்தக் கிளை மட்டும் வெளிறி நிற்கும், அதுவும் அதே பங்கசுதான். மூட்டுப்பூச்சி பால் பருவத்தில் குத்துவது, அதற்கு மேல்கிளை கீழ்க்கிளை வித்தியாசம் இல்லை, மணிகள் அங்கொன்று இங்கொன்றாகச் சப்பியாகும், உமியில் கபிலப் புள்ளியும் இருக்கும். மேலே நல்ல மணி, அடியில் இரண்டாங்கிளைகளில் மட்டும் புள்ளி இல்லாத சுத்தமான சப்பி என்றால் அது நிரம்பாத சப்பி, அதற்கு மருந்து அடித்துப் பிரயோசனம் இல்லை.

மருந்துக் கடையில் சப்பி என்று மட்டும் சொன்னால் ஏதோ ஒன்றைத் தந்துதான் விடுவார்கள். கதிரைக் கொண்டுபோங்கள்.

அராலி_மகள் · இரவு 11.10

இந்தப் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், நாளைக்கு வயலுக்குப் போய்க் கதிரை விரித்துப் பார்க்கப் போகிறார். மிக்க நன்றி ஐயா.

அறிவியல்நகர்_மாணவி · காலை 6.40

ஐயா சொன்னதோடு சேர்த்து ஒன்று. கிளையைக் கூட்டினால் விளைச்சல் கூடும் என்று உலகம் முழுவதும் முயன்றிருக்கிறார்கள். 2005 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஹபற்றாக்கி என்ற நெல்லில் கதிருக்கு ஏன் இவ்வளவு மணி என்று தேடி, சைற்றோகைனின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சிதைக்கும் நொதியின் பரம்பரை அலகு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்த நொதி குறைந்தால் சைற்றோகைனின் கூடுதலாகத் தங்கும், கதிர்முனை கூடுதலாகக் கிளைக்கும், மணி எண்ணிக்கை கூடும். அதற்கு முன்பே பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அடியிலிருந்து கிளம்பும் பக்கத் தண்டுகள் குறைவாகவும் கதிர் மிகப் பெரிதாகவும் இருக்கும் புதிய அமைப்புள்ள நெல்லை உருவாக்கப் பார்த்தது. முதலில் வந்த அந்த இனங்கள் எதிர்பார்த்த விளைச்சலைத் தரவில்லை. ஒரு முக்கியக் காரணம் கைதடி அண்ணை சொன்ன அதே பிரச்சினை, கதிர் பெரிது, நிரம்பவில்லை.

ஆகவே பெரிய கதிரைக் கண்டவுடன் சந்தோசப்படுவதற்கு முன் அடிக்கிளையைத் தடவிப் பார்க்கவேண்டும் என்பதுதான் என் எண்ணம். இதைப் பள்ளிக்கூடத்திலேயே காட்டினால் நல்லது ரீச்சர். பூந்துணர் என்றால் பரீட்சைக்குப் படம் கீறும் பாடம் என்று விட்டுவிடுகிறார்கள், சாப்பாட்டு அரிசியின் கணக்கே அதற்குள்தான் இருக்கிறது.

நல்லூர்_வளவு · காலை 9.05

நெல்லோடு மாமரத்துக்கும் யாராவது பதில் சொல்லுங்கள். எங்கள் வளவில் ஒரு கறுத்தக்கொழும்பானும் ஒரு அம்பலவியும் நிற்கின்றன. கறுத்தக்கொழும்பான் இலை தெரியாமல் பூத்திருக்கிறது, போன வருடமும் இப்படித்தான், கடைசியில் ஒரு கொத்துக்கு ஒரு காய்கூட நிற்கவில்லை. அக்கம்பக்கத்தில் உப்புத் தண்ணீர் தெளி, புகை போடு என்று சொல்லுகிறார்கள்.

அறிவியல்நகர்_மாணவி · காலை 9.48

அக்கா, ஒரு கொத்துக்கு ஒரு காய் நிற்பதே மாமரத்தில் நல்ல விசயம்தான். ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூக்கள் இருக்கலாம், அவற்றில் பெரும்பகுதி ஆண் பூக்கள், அவை காய்க்கவே மாட்டா. மீதியில்தான் ஆணும் பெண்ணும் சேர்ந்த பூக்கள். ஒரு கைவில்லை வைத்துப் பாருங்கள்: நடுவில் மஞ்சட்பச்சையாக ஒரு சிறு உருண்டையும் அதன் பக்கத்தில் வளைந்த ஒரு தம்பமும் இருந்தால் அது காய்க்கக்கூடிய பூ, உருண்டை இல்லாவிட்டால் ஆண் பூ. இரண்டிலுமே மகரந்தம் தருவது பெரும்பாலும் ஒரேயொரு கேசரம்தான், மற்றவை குட்டையாக வேலை செய்யாமல் இருக்கும். ரீச்சர், பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள், ஒரே கொத்தில் இரண்டு வகைப் பூ என்பதை ஒருமுறை கண்ணால் கண்டால் மறக்காது.

உப்புத் தண்ணீர் வேண்டாம் அக்கா. பூவில் வெள்ளை மா பூசியது மாதிரி இருந்தால் அது சாம்பல் நோய், பனி விழும் இந்தக் காலத்தில் வரும், நனையும் கந்தகத்தை வெயில் ஏற முன்னர் தெளிக்கலாம். பூவும் கிளையும் கறுத்துக் கருகினால் அது அந்திரக்நோசு என்ற பங்கசு நோய், மழைத்தூறலோடு வருவது. கிளைகளில் பிசுபிசுப்பு இருந்து பிறகு கரி படிந்தால் தத்திப்பூச்சி. எதற்கானாலும் பூ முழுதாக விரிந்திருக்கும் நாட்களில் பூச்சிமருந்து அடிக்கவேண்டாம், மாம்பூவுக்கு மகரந்தம் கடத்துவதில் ஈக்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பூ மணத்துக்கு மொய்க்கும் அந்த ஈக்களைக் கலைத்துவிட்டுக் காயை எதிர்பார்க்க முடியாது.

கோப்பாய்_ரீச்சர் · காலை 11.30

மிக நன்றி தங்கச்சி. மாம்பூவின் கடைசி நுனிகளை நான் கைவில்லையில் பார்த்தபோது மூன்று மூன்றாக, நடுப்பூ முதலில் விரிந்து பக்கப் பூக்கள் பிறகு விரிகிற மாதிரித் தெரிந்தது. வேப்பம்பூவிலும் போன சித்திரையில் அதைக் கவனித்தேன். அப்படியென்றால் பெரிய அச்சு நுனிவளரும் முறை, கடைசித் துண்டுகள் நுனி முடிகிற முறை. இதைத் தூய கிளைத்த பூந்துணர் என்று சொல்லலாமா?

ஓய்வு_போதனாசிரியர் · பகல் 12.15

நீங்கள் பார்த்தது சரி. தாவரவியலில் கடுமையாகப் பார்ப்பவர்கள் அப்படிக் கலந்த அமைப்புக்குத் தைர்ஸ் என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் மாமரத்தையும் வேம்பையும் விபரிக்கும் பெரும்பாலான நூல்கள் பனிக்கிள் என்றே எழுதுகின்றன. பரீட்சைக்கு அதுவே போதும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், கெட்டிக்காரப் பிள்ளைக்கு மற்றதையும் சொல்லுங்கள்.

புகையிலையையும் சேர்த்துப் பாருங்கள். உச்சியில் பெரிய கிளைத்த கொத்தாகத்தான் பூக்கும், ஆனால் உச்சிப் பூ முதலில் விரியும். எங்கள் தோட்டங்களில் அதைப் பூக்க விடுவதில்லை, மொட்டு வந்தவுடன் முறித்துவிடுவோம், பிறகு இலைக் கக்கத்தில் வெடிக்கும் பக்கக் கிளைகளையும் விடாமல் முறிக்கவேண்டும். பூவுக்குப் போகவேண்டியது இலைக்குப் போய் இலை தடிக்கும். விதைக்கு விட்ட ஒன்றிரண்டு செடியில்தான் முழுப் பூந்துணரையும் பார்க்கலாம்.

ரொறன்ரோ_வடலி · பிற்பகல் 2.40

இங்கே கனடாவில் ஓட்ஸ் வயல்களில் கதிர் விரிந்து தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் ஊர் நெல் நினைவுக்கு வரும், பக்கத்திலேயே கோதுமை கிளையில்லாமல் விறைப்பாக நிற்கும். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும், ஆனால் ஊரில் கோதுமைக்கு எங்கே போவது! என் கேள்வி பனையைப் பற்றி. ஆண்பனைப் பாளையில் விரல் விரலாகக் கிளைத்து வருகிறதே, அதையும் இந்த வகையில் சேர்க்கலாமா?

வல்லிபுரக்_காற்று · பிற்பகல் 3.25

சேர்க்கக்கூடாது என்பது என் கட்சி. கிளைக்கிறது என்பது உண்மைதான், ஆண்பனையில் கிளை பிரிந்து, அதன் நுனியில் தடித்த விரல்களாக நிற்கும். ஆனால் பூக்களுக்குக் காம்பே இல்லை, அந்த விரலின் சதைக்குள் செதில்களுக்கு இடையில் புதைந்திருக்கும், ஒவ்வொன்றாக வெளியே எட்டிப் பார்த்து உதிரும். முழுவதையும் பாளை மூடியிருக்கும். இதை மடல் வகையில் வைப்பதுதான் முறை, கிளைத்த மடல் என்று சொல்லுங்கள். பெண்பனையில் பெரும்பாலும் கிளையே இல்லை, ஒரே தண்டில் பருத்த பூக்கள், அவைதான் பிறகு நுங்கு. ஆண், பெண் என்று தெரிய மரம் பாளை விடும்வரை பத்துப் பதினைந்து வருடம் பொறுக்கவேண்டும், வடலியில் தெரியாது.

தென்னையில் ஒரே பாளைக்குள் இரண்டும் இருக்கின்றன, ஈர்க்குப் போன்ற ஒவ்வொரு கிளையின் அடியிலும் குரும்பை ஆகப்போகிற பெண்பூ, மேலே முழுக்க ஆண்பூ. ஆண்பூ முதலில் விரிந்து கொட்டும். ரீச்சருக்கு இதைவிட லேசான உதாரணம் கிடைக்காது, எந்த வளவிலும் ஒரு பாளை விழுந்து கிடக்கும்.

இன்னொன்று, எங்கள் மணற்காட்டுப் பக்கம் மணல் மேடுகளில் இராவணன் மீசை படர்ந்து கிடக்கிறது. அதுவும் புல்தான், ஆனால் ஆண் வேறு பெண் வேறு. பெண்செடியின் தலை முள்ளுப்பந்து மாதிரித் திரண்டு, முற்றியதும் முழுதாகக் கழன்று சோளகக் காற்றில் உருண்டு போகும், போகும் வழியில் விதையை விடும். புல்லின் பூந்துணர் என்றால் தொங்கும் கதிர் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அதை ஒருதரம் வந்து பார்க்கவேண்டும்.

ரொறன்ரோ_வடலி · பிற்பகல் 3.41

காம்பு இல்லை என்பதால் மட்டும் தள்ளிவிடுவதா? நெல்லிலும் பூவுக்குக் காம்பு இல்லைதானே, சிறுகதிருக்குத்தான் காம்பு.

வல்லிபுரக்_காற்று · பிற்பகல் 4.02

அந்தச் சிறுகதிருக்கு இருக்கிறதே, அதுதான் விசயம். நெல்லில் சிறுகதிர் மெல்லிய காம்பில் தனியாக ஆடுகிறது. பனையில் கடைசி உறுப்பு வரைக்கும் எல்லாம் தடித்த அச்சோடு ஒட்டியே கிடக்கிறது. பாளை, சதைப்பிடிப்பான அச்சு, காம்பில்லாப் பூ, மூன்றையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

அராலி_மகள் · மாலை 5.30

புற்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். எங்கள் வயலில் நெற்சப்பி என்ற களைப்புல் நெல்லோடு நெல்லாக நிற்கிறது, கதிர் வந்தபிறகுதான் தெரிகிறது, அதற்குள் விதை கொட்டிவிடுகிறது.

ஓய்வு_போதனாசிரியர் · மாலை 6.10

பிள்ளை, கதிர் வரும்வரை பொறுக்கத் தேவையில்லை. இலையும் உறையும் சேரும் கழுத்தை விரித்துப் பாருங்கள், நெல்லில் வெள்ளையாக ஒரு மெல்லிய நாக்கும் பக்கத்தில் மயிருள்ள காதுகளும் இருக்கும், நெற்சப்பியில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். கதிர் வந்துவிட்டால் நடு அச்சில் குட்டையான, தடித்த கிளைகள், ஒவ்வொன்றிலும் சிறுகதிர்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும், நெல் போல நீண்டு தொங்காது. மணி ஒரே நேரத்தில் முற்றாது, முற்றியது முற்றியது உதிர்ந்துகொண்டே போகும், ஆகவே அறுவடைக்கு முன் பிடுங்கினால்தான் உண்டு. கினிப்புல்லிலும் இதே கதை, விரிந்த பெரிய கொத்து, பச்சையாக நிற்கும்போதே மேல்விதை உதிர்ந்துவிடும்.

ரீச்சர், புற்களில் வரிசையாகக் காட்டுவதென்றால் அறுகு, குரக்கன் இரண்டும் விரல் போல ஒரே இடத்திலிருந்து பிரிபவை, கிளைத்த பூந்துணர் அல்ல. சாமை நன்றாக விரிந்த கொத்து. இறுங்கு நெருங்கிய கொத்து. தினையைப் பார்த்தால் ஒரே தடித்த கதிர் மாதிரி இருக்கும், ஆனால் விரல் நகத்தால் பிரித்தால் உள்ளே குட்டிக் கிளைகள், அதுவும் கிளைத்ததுதான், ஒடுங்கிப்போனது. சோளத்தில் (மக்காச்சோளம்) உச்சியில் உள்ள ஆண்பூத் தொகுதி கிளைத்தது, இலைக் கக்கத்தில் உள்ள பொத்தி கிளைக்காதது, ஒரு செடியிலேயே இரண்டும் கிடைக்கும். கோரையைச் சேர்க்கவேண்டாம், அது புற்குடும்பமே இல்லை, தண்டை உருட்டினால் முக்கோணம் கையில் தெரியும்.

நல்லூர்_வளவு · மாலை 6.45

முந்திரிகைக் (திராட்சை) குலையும் இதில் வருமா? எங்கள் பந்தலில் சிலவேளை ஒரே காம்பில் பாதி பற்றுச்சுருளும் பாதி பூவுமாக வருகிறது, நோயோ என்று பயந்தேன்.

அறிவியல்நகர்_மாணவி · மாலை 7.20

நோய் இல்லை அக்கா. முந்திரிகைக் குலை கிளைத்த பூந்துணர்தான், பழம் எல்லாம் பிடுங்கியபிறகு மிஞ்சும் காம்பைப் பார்த்தால் கிளை நன்றாகத் தெரியும். பற்றுச்சுருளும் பூங்கொத்தும் ஒரே வகை அரும்பிலிருந்து வருபவை, இரண்டுமே இலைக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள். அரும்பு உருவாகும்போது போதிய வெளிச்சமும் சூடும் சத்தும் கிடைத்தால் அது கூடுதலாகக் கிளைத்துப் பூவாகும், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு கிளையோடு சுருளாக நின்றுவிடும். நீங்கள் கண்டது நடுவில் நின்றது. கொடியை வெட்டிப் பந்தலுக்குள் வெளிச்சம் போக விட்டால் அடுத்தமுறை குலை கூடும்.

கைதடி_கமம் · இரவு 8.50

ஐயா, இன்று கதிரை விரித்துப் பார்த்தேன். கழுத்துக் கறுப்பு இல்லை, உமியில் புள்ளி இங்கொன்று அங்கொன்றுதான், சப்பி முழுக்க அடிக்கிளைகளில்தான். விளங்கிவிட்டது. அடுத்த போகத்துக்கு விதை எடுக்கும்போது கதிரின் மேற்பாதியை மட்டும் உருவி எடுத்தால் இந்தக் குறை குறையுமா? மொட்டைக்கறுப்பன் நெல்லும் கொஞ்சம் தனியாகப் போட்டிருக்கிறேன், அதற்கு வீட்டு விதைதான்.

ஓய்வு_போதனாசிரியர் · இரவு 9.35

குறையாது தம்பி. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்கும் பயிர், ஒரு கதிரில் மேல்மணிக்கும் அடிமணிக்கும் பரம்பரையில் பெரிய வித்தியாசம் இல்லை, நிரம்பியதில்தான் வித்தியாசம். ஆகவே வயலின் நடுவில், இனம் கலக்காத, நோயில்லாத செடிகளில் முழுக் கதிராக அறுத்து எடுங்கள், வரப்போரம் வேண்டாம். பிறகு உப்புத் தண்ணீரில் போட்டுப் பிரியுங்கள், மிதப்பதை நீக்கிவிட்டு அடியில் தங்கியதை எடுத்தால் அடிக்கிளையின் சப்பியும் அரைகுறை மணியும் தானாகக் கழிந்துபோகும். நாற்றுத் திடமாக வரும். அடிக்கிளையை நிரப்புவதற்கு வழி பசளையும் தண்ணீரும்தான்: பொட்டாசில் ஒரு பங்கைக் கதிர் தொடங்கும் நேரத்துக்கு வைத்துப் போடுங்கள், பூக்கும் காலத்தில் வயலைக் காயவிடாதீர்கள். மழை நின்றால் பக்கத்துக் குளத்திலோ துரவிலோ இருந்து ஒரு தண்ணீர் பாய்ச்ச வழி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

கைதடி_கமம் · இரவு 9.42

துரவு இருக்கிறது, தூர்ந்து கிடக்கிறது. அறுவடை முடிந்தவுடன் தூர்வாருகிறோம். உப்பு எவ்வளவு போடவேண்டும் ஐயா?

ஓய்வு_போதனாசிரியர் · இரவு 9.50

புதிய கோழிமுட்டை ஒன்றைத் தண்ணீருக்குள் விடுங்கள், அடியில் போய்க் கிடக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வர முட்டை எழும்பி மேலே சில்லறைக்காசு அளவு வெளியே தெரியும், அது போதும். பழைய முட்டை வேண்டாம், அது வெறும் தண்ணீரிலேயே மிதக்கும். நெல்லை அதிகநேரம் ஊறவிடாமல் அள்ளி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவுங்கள், உப்பு தங்கினால் முளை கெடும்.

கைதடி_கமம் · இரவு 9.54

சரி ஐயா. விதைக்க முதல் நாள்தான் செய்யவேண்டுமா, அல்லது இப்போதே செய்து காயவைத்து வைக்கலாமா?

ஓய்வு_போதனாசிரியர் · இரவு 10.02

விதைப்புக்கு முன்னர் செய்யுங்கள். இப்போது வெயிலில் நன்றாகக் காயவைத்து, தூற்றி, ஈரம் ஏறாத இடத்தில் கட்டி வையுங்கள். நீங்கள் புரட்டாதியில் புழுதி விதைப்பு என்றால் கழுவியபிறகு நிழலில் உலர்த்தி விதைக்கலாம், சேற்று விதைப்பு என்றால் கழுவியதோடு அப்படியே முளைகட்டப் போடலாம்.